இரண்டு விரல் மிச்சம்

அக்கா டீயை முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சம் கிடக்கும். தண்ணீர் பாட்டிலிலும் அப்படித்தான். ஷாம்பு, எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், தயிர் டப்பா என்று எதுவானாலும் அடியில் கொஞ்சம் விட்டுவைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பார். அவருடன் ரூமில் இருந்த மூன்று பெண்களும் இதற்காக அவரைத் திட்டாத நாள் கிடையாது. குளியலறை ஓரத்தில் மட்டும் பதினோரு ஷாம்பு பாட்டில்களை நான் எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு விரல், இரண்டு விரல்.

"இது என்னுங்க்கா வியாதி?" என்று கேட்டேன்.

"அடியிலதான்த்தா உசுரு இருக்கு. மேல இருக்குறது நமக்கு, அடியில இருக்குறது அடுத்து வர்றவுகளுக்கு."

"ஷாம்புக்குமா?"

"கைப்பழக்கம்" என்று சிரித்தார்.

அக்கா என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அவருடைய கையை ஊருக்குக் காட்டியதே போதும். பெயரையும் காட்ட எனக்கு மனசில்லை.

துபாயில், அல் குசைஸில் எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடி முழுக்கப் பள்ளிப் பேருந்துக் கம்பெனி எடுத்துக் கொடுத்த ரூம்கள். நான் நாலாவது மாடியில், ஆபீஸ் தோழிகள் இரண்டு பேருடன். கோயம்புத்தூரில் பயோடெக் படித்தேன். துபாய்க்கு வந்து டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் சேர்ந்தேன். பாலாடைக்கட்டிக்கும் ஷூவுக்கும் விளம்பர வரி எழுதித் தருகிற வேலை. எதைப் பார்த்தாலும் இதில் ஒரு கதை இருக்கிறதே, இதை எப்படிச் சொன்னால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள் என்று மனசு பறந்துகொண்டே இருந்த வயது. வெள்ளிக்கிழமை ஒன்றில் லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்று கதவு திறந்தபோது ஆப்ப வாசம் வந்தது. வெறும் ஆப்பமாக இருந்தால் பேசாமல் மேலே போயிருப்பேன். அதற்குள்ளே பழுத்த திராட்சை மாதிரி இன்னொரு வாசம் இருந்தது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டிவிட்டேன்.

கதவைத் திறந்தவர் யார், எவர் என்று கேட்கவில்லை. "உக்காருத்தா, சட்டி காயிது" என்றார். ஐந்து ஆப்பம் தின்றேன். அப்படித்தான் பழக்கம்.

அக்கா பள்ளிப் பேருந்தில் நானி. காலையில் பிள்ளைகளை ஏற்றி, பெல்ட் மாட்டி, சண்டையை விலக்கி, பள்ளியில் இறக்கிவிட்டு, மதியம் திரும்பவும் ஏற்றி வீடுவீடாக விடுகிற வேலை. எல்லாப் பிள்ளைகளும் இறங்கிய பிறகு பேருந்தின் கடைசி வரிசை வரை நடந்து, ஒவ்வொரு சீட்டுக்குக் கீழேயும் குனிந்து பார்த்து, பின்னால் இருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு வர வேண்டும். சில நானிகள் முன்னால் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்குவார்கள். அக்கா ஒவ்வொரு சீட்டையும் கையால் தடவிக்கொண்டே போவார். "நாஞ் சுத்தமாக் காலி பண்றது இந்த ஒரு பஸ்ஸத்தான்" என்பார். பிள்ளைகள் அவருடைய கையில்தான் தொங்குவார்கள். வலது கை ஆள்காட்டி விரலில் பத்து மணி வைத்த செபமாலை மோதிரம் ஒன்று போட்டிருந்தார். ஏறுகிற பிள்ளைகள் அதை ஒருமுறை சுற்றிவிட்டுத்தான் சீட்டுக்குப் போகும்.

அந்தத் திராட்சை வாசத்தின் கதையை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

அவர் கம்பம் பள்ளத்தாக்குக்காரர். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு கிறிஸ்தவ ஊர். அங்கே கோயில் பூசைக்குத் திராட்சை ரசம் வடிப்பது அவர் குடும்பத்தின் வேலை. பூட்டன் காலத்தில் வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் சொல்லிக் கொடுத்தாராம். திராட்சையைத் தவிர வேறு எதுவும் சேரக் கூடாது என்பது கோயில் போட்ட சட்டம். பூட்டன் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். ஜாடியைக் காலி செய்யக் கூடாது. மேலே தெளிந்த ரசத்தைத் துணியில் வடித்து எடுத்துவிட்டு, அடியில் இரண்டு விரல் மண்டியை அப்படியே விட்டு, அதன்மேல்தான் அடுத்த அறுப்பின் சாற்றை ஊற்ற வேண்டும். போன வருஷத்து உயிர் இந்த வருஷத்து ரசத்தைப் பொங்க வைக்கும். பூட்டன், தாத்தா, அப்பா என்று மூன்று பேர் கையில் அந்த ஜாடி ஒருமுறைகூடக் காலியானதில்லை.

"நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களாக்கா?"

"ஒரு சொட்டு குடிச்சதில்ல. மோந்து பாத்தே சொல்லிருவேன். எங்கப்பாவும் அப்படித்தேன். ரசம் வடிக்கிறவுக குடிக்கப்புடாது, கை நடுங்கிரும்."

வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு ஒருமுறை அவருடன் போனேன். பூசைக்கு அப்புறம் கிடைக்கும் பிரியாணிக்காகவும்தான். சாமியார் ரசக் கிண்ணத்தைத் தூக்கியபோது ஊரே தலை குனிந்திருக்க, அக்கா மட்டும் தலையை நிமிர்த்தி மூக்கை லேசாகச் சுளித்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"கடைச் சரக்கு. ஆண்டவரு வந்துருவாரு, அவருக்கென்ன. எனக்குத்தேன் மனசு ஒப்பல."

பூட்டன் இன்னொன்றும் செய்திருந்தார். எப்போதும் ஒரு பங்கு மண்டி வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். இங்கே கெட்டுப்போனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அப்பா அந்த இரண்டாவது ஜாடியைத் தனிக்குடித்தனம் போன மூத்த மகனிடம் கொடுத்திருந்தார். அவர் ஒரு கிறிஸ்துமஸ் அன்று சேக்காளிகளுடன் உட்கார்ந்து அதை அடிவரைக்கும் கவிழ்த்துவிட்டார். அடுத்த வருஷம் அப்பா செத்துப்போனார். அக்கா லீவு போட்டு ஓடினார். வீட்டு ஜாடியை யாரும் கவனிக்கவில்லை, மேலே ஆடை படர ஆரம்பித்திருந்தது. அண்ணன்கள் இருவரும் கொடியை வெட்டிவிட்டு வாழை போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஜாடிக்குள் கையை விட்டு மண்டியை வழித்து, அப்பாவின் துண்டில் தடவி, நிழலில் காயவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு துபாய்க்குத் திரும்பிவிட்டார்.

"ஏர்போர்ட்டுல பெட்டியத் தொறந்து பாத்தாய்ங்கத்தா. துண்டு கெடக்கு. துண்டுக்கு என்ன கேஸு?"

அல் குசைஸுக்கு வந்து அந்தத் துண்டை ஆப்ப மாவில் முக்கிப் பிழிந்தார். மாவு பொங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆப்பம் சுட்டு, இரண்டு விரல் மாவை மிச்சம் வைத்து, அதற்குப் புது அரிசிமாவும் ஒரு கரண்டி சர்க்கரையும் கொடுத்து ஃப்ரிட்ஜில் வளர்த்துக்கொண்டு வந்தார். ரசமாக வளர்க்க இங்கே வழியில்லை, வீட்டில் ஒயின் போடுவது குற்றம்.

"மாவுல இருந்தா ஆப்பம். தண்ணியில இருந்தா கேஸு" என்றார் சுருக்கமாக.

பயோடெக் படித்தவள் என்ற திமிரில் கேட்டேன். "மாவு சேந்ததைக் கோயில்ல ஒத்துக்குவாங்களாக்கா?"

"திராட்சச் சாத்துல மூணு தடவ மாத்தி மாத்தி வளத்தா மாவெல்லாம் போயிரும். உசுரு மட்டும் நிக்கும். ஊர்ச் சாமியார்ட்ட போன்ல கேட்டுட்டேன். கூட்டிட்டு வாம்மான்னாரு. ஆளக் கூட்டிட்டு வான்னு சொல்ற மாதிரியே சொல்றாரு!"

அடுத்த மாசி அறுப்புக்கு லீவு கேட்டு டிக்கெட்டும் போட்டிருந்தார். சின்ன அண்ணன் தன் பங்கில் நாலு வரிசைக் கொடியை அதுவரை வெட்டாமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஜாடியைக் கழுவாமல் கவிழ்த்து வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு வாரமும் போனில் விசாரிப்பார். அப்பா செத்த பிறகு அவர் துபாயில் இருந்த காலம் முழுவதும் அந்த ஒரு அறுப்புக்கான காத்திருப்புதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் அதைச் செய்தேன்.

என் பிறந்தநாளன்று ஊறுகாய் ஜாடி ஒன்றில் கொஞ்சம் மாவை ஊற்றி, லிஃப்ட் வேண்டாமென்று படியேறி மேலே எடுத்து வந்து கொடுத்தார்.

"இது வேற வீடு. பூட்டன் சொன்னது. சுட்டுத் தின்னுக்க, ரெண்டு விரல் விட்டுட்டு. எங்கண்ணன் மாதிரி கவுத்திராத, கழுத."

"என்னை நம்பிக் குடுக்கறீங்களாக்கா?"

"பின்ன, நாலு மாடி ஏறி வந்து குடுக்குறேன்!"

"ரெண்டு மாடிதானுங்க்கா."

"முட்டிக்கு நாலுதேன்."

நான் அந்த ஜாடியை ஒழுங்காகத்தான் வளர்த்தேன். நாலு மாதம். அதற்கு மேல் என் புத்தி சும்மா இருக்கவில்லை. துபாயில் ஒரு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலு தலைமுறை உயிரோடு இருக்கிறது, இதைவிட என்ன கதை வேண்டும்? ஒரு ரீல் எடுக்கிறேன் என்று அக்காவிடம் கேட்டேன். முதலில் மாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன். கடைசியில், "மூஞ்சியக் காட்டாத. பேரச் சொல்லாத. கை மட்டும் எடுத்துக்க" என்றார். மாவைக் கரைக்கும் கை, சட்டியைச் சுழற்றும் கை. பின்னணியில் அவர் குரலில் பூட்டன் கதை.

மிச்சத்தை மேலே என் சமையலறையில் நான் தனியாக எடுத்தேன். கடைசிக் காட்சிக்கு எனக்கு ஒரு முடிவு வேண்டும். ஆப்பம் வெந்து சட்டியிலிருந்து எழுந்து வருவதைக் காட்டினால் போதாது என்று பட்டது. என் ஊறுகாய் ஜாடியைச் சட்டியின் மேல் சாய்த்தேன். கரண்டியால் வழித்தேன். கடைசிச் சொட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தொங்கி விழுவது அவ்வளவு அழகாக வந்தது. எழுதியும் போட்டேன், 'கடைசிச் சொட்டு வரை நாலு தலைமுறை' என்று. அதற்கு மேலே பெரிய எழுத்தில், 'துபாய் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு ஒயின் குடும்பம்'. ஆப்பம் என்று போட்டால் யார் நிற்பார்கள்?

இரண்டு விரல் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. கீழே அக்காவிடம் இருக்கிறதே, நாளைக்கு ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஜாடியை மற்ற பாத்திரங்களோடு டிஷ்வாஷரில் வைத்தேன்.

அது வியாழக்கிழமை. ரீல் பறந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வந்த கமெண்டுகளுக்குப் பதில் போட்டுக்கொண்டே இருந்தேன். கீழே இறங்கிப் போகவில்லை. அக்காவிடம் அந்த ஆப் கிடையாது, அவர் அதைப் பார்க்கவும் இல்லை.

பார்த்தது ஒரு இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை. அம்மாவின் போனில் ஓடிக்கொண்டிருந்த கையைக் காட்டி, "இது எங்க நானியோட மோதிரம்" என்று சொல்லியிருக்கிறது. அம்மா மேலே எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். அந்த அம்மா மேல் தப்பே சொல்ல மாட்டேன். என் பிள்ளை போகிற பேருந்தின் நானி ரூமில் ஒயின் போடுகிறார் என்று தெரிந்தால் நானும் பள்ளிக்குப் போன் செய்திருப்பேன். பள்ளியிலிருந்து கம்பெனிக்குப் போனது. செவ்வாய்க்கிழமை மதியம் ட்ரிப் முடிந்ததும் பேருந்து சூப்பர்வைசர், பெஷாவர்க்காரர், அக்காவை ஓரமாக அழைத்தார்.

"பெஹன், நீ நல்லவன்னு எனக்குத் தெரியும்" என்று இந்தியில் சொன்னாராம். "அஞ்சு மணிக்கு ரூம் செக் வர்றாங்க. வீட்டுல என்ன இருக்கோ தூக்கிப் போட்டுரு. ஜல்தி."

அக்கா ரூமுக்கு வந்தபோது மணி நாலே கால். நான் ஆபீஸில் இருந்தேன். மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறலாம் என்று படி வரைக்கும் வந்திருக்கிறார். பிறகு, அங்கேதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று திரும்பிவிட்டார். மாவைச் சிங்க்கில் ஊற்றி, சட்டியை பிளீச் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருக்கிறார். ஓரத்தில் நின்ற பதினோரு ஷாம்பு பாட்டில்களையும் சேர்த்துக் குப்பையில் போட்டாராம். ஆட்கள் வந்தார்கள், ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள், மோர் பாக்கெட்டையும் தக்காளியையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு நான் வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது பின்னாலேயே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும் சொன்னார். நான் அழ ஆரம்பித்தேன். மன்னிச்சுக்குங்க்கா, மன்னிச்சுக்குங்க்கா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏய், எதுக்குத்தா இப்ப அழுகுற? வேலதேன் போகலயே. ஒம்மேல எனக்கு ஒண்ணுமில்ல. சின்னப்புள்ளையில நானும் ஆர்வக்கோளாறுதேன்." முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "பூட்டன் சும்மாவா சொன்னாரு வேற வீட்டுல வையின்னு. கூமுட்டை இல்ல அவரு. எடு, ஒன்னோடத எடு. இன்னைக்கே ஒரு கரண்டி மாவு போட்டு விட்டா வெள்ளிக்கெழமைக்குப் பொங்கிரும்."

நான் கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அவரே ஃப்ரிட்ஜைத் திறந்தார். கீழ்த்தட்டைப் பார்த்தார், மேல்தட்டைப் பார்த்தார், கதவில் பார்த்தார். பிறகு சமையல் மேடையில் பளபளவென்று கவிழ்ந்திருந்த ஊறுகாய் ஜாடியைப் பார்த்தார்.

"எங்க வச்சிருக்க?"

"கீழ இருக்குதேன்னு…" என்றேன்.

அவர் மேலே இருக்கிறதே என்று நினைத்திருந்தார். நான் கீழே இருக்கிறதே என்று நினைத்திருந்தேன்.

ஜாடியை நிமிர்த்தி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ரொம்ப நேரம் மோந்தார். படித்த படிப்பெல்லாம் என் தொண்டைக்கு வந்தது. "ஓரத்துல ஒட்டியிருக்குங்க்கா, கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும்…"

"எதுல கழுவுன?"

"டிஷ்வாஷர்ல."

"வெந்நியா?"

"எழுவது டிகிரிங்க்கா."

ஜாடியை மேடையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

நான் விடவில்லை. திராட்சைத் தோலிலேயே அந்த உயிர் இருக்கிறது, மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதில், ஊரில் அந்தக் கொடிகளிலிருந்தே மறுபடி ஆரம்பிக்கலாம், நான் எழுதித் தருகிறேன், என்ன சூடு, எத்தனை நாள் எல்லாம் எழுதித் தருகிறேன் என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். முடிக்கும் வரை கேட்டார்.

"ஆரம்பிக்கலாம்த்தா" என்றார். "ஆரம்பிக்க யாராலயும் முடியும். எனக்கு அந்த வேலயக் குடுக்கலியே எங்கப்பா."

மாசியில் அதே டிக்கெட்டில் ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. பெரிய அண்ணன் பங்கில் போலவே சின்ன அண்ணன் பங்கிலும் இப்போது வாழை. கோயிலுக்குப் பாட்டில் ரசம் டவுனிலிருந்து வருகிறதாம். வருஷத்துக்கு இரண்டு முறை போன் செய்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடும் வேலை அங்கேயும் கிடைத்துவிட்டது என்று சிரிக்கிறார். கல்யாணம் எப்போது என்று கேட்கிறார். மாவைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ரீலை அன்றைக்கே நீக்கிவிட்டேன். ஆனால் அந்தக் கடைசிச் சொட்டு யார் யார் போனிலோ இன்னும் விழுந்துகொண்டிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, கைக்கு வேலை வேண்டுமே என்று டீ போட்டேன். அக்கா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விரலில் மோதிரத்தைக் காணவில்லை. கழற்றிவிட்டிருந்தார். டம்ளரைக் கையில் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார். நடுவில், சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"காலையில நாலரைக்கு எந்திரிக்கணும். வாரேன்த்தா" என்று எழுந்தார். வாசல் வரை போய்க் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தேன்.

டம்ளரை எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒன்றுமில்லை.